பூனைத் தட்டும் பிள்ளைத்தாய்ச்சியும்

மசக்கைக்காரிக்கு மாங்காயைக் கண்டால் நாக்கு ஊறும், சாம்பலைத் தின்னத் தோன்றும் என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு வாய்த்தது பூனை மூத்திர வாசனை. காலையில் எனக்கு முன்னால் என் மூக்கு எழுந்துகொள்ளும். இன்றைக்கு எந்த மூலை, கட்டிலுக்கு அடியிலா, கரிக்கூடையிலா, அரிசி டின் பக்கமா என்று படுத்தபடியே யோசிப்பேன். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்ப் பார்த்தால், நான் நினைத்தே பார்க்காத இடமாக இருக்கும்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பெங்களூரில் அல்சூரை அடுத்த ஜோகுபாளையத்தில் குடியிருந்தோம். சிவப்பு சிமெண்டுத் தரை போட்ட இரண்டு அறை, ஒரு சமையலறை. பின்னால் சின்ன முற்றம். முற்றத்தைத் தாண்டி வெந்நீர் அடுப்பு வைத்த குளியலறை. என் கணவருக்கு ரயில்வேயில் கார்டு வேலை, அதுவும் கூட்ஸ் வண்டியில். பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியும் எடுத்துக்கொண்டு புறப்பட்டால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. கல்யாணமாகி வந்த புதிதில் ரயில் ஊதும் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவேன். பிறகு அதையும் விட்டுவிட்டேன். எல்லா ரயிலிலுமா அவர் வருகிறார்?

பூனைகள் வந்தது எங்களுக்கு முன் அங்கே குடியிருந்த சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ-இந்தியக் கிழவியால். அவளுடைய புருஷன் எஞ்சின் டிரைவராக இருந்து இறந்துபோனவர். வெள்ளைக்காரர்கள் போனபிறகு அவளுடைய சனங்களில் பாதிப் பேர் மூட்டை கட்டினார்கள். இவளும் மகனோடு சீமைக்குக் கப்பலேற முடிவு செய்து, ரயில்வே பழக்கத்தில் வீட்டை எங்களுக்குப் பேசி முடித்துக் கொடுத்தாள். வீட்டோடு நான்கு பூனைகளையும் ஒப்படைத்தாள். என் கணவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கவலைப்படாதீர்கள், நாங்கள் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறோம் என்று சத்தியம் செய்தார். ‘நாங்கள்’ என்று அவர் சொன்னது நான் மட்டும்தான் என்பது அடுத்த வாரமே தெரிந்தது.

ஒன்று சாம்பல் நிறத்தில் ஒரு கிழட்டுக் கடுவன். ஒன்று செவலை. மற்ற இரண்டும் கறுப்பும் வெள்ளையுமாக அக்கா தங்கை. கிழவி அவற்றுக்கு வைத்த இங்கிலீஷ் பெயர் ஒன்றும் என் வாயில் நுழையவில்லை. எல்லாவற்றையும் ‘சனியனே’ என்றுதான் கூப்பிட்டேன், எல்லாமே திரும்பிப் பார்த்தன. அவை வெளியே போய்ப் பழகியதில்லை. போகவும் விடமுடியாது, அடுத்த வீட்டில் கோழி வளர்த்தார்கள். அதனால் மண்ணெண்ணெய் டின்னை நீளவாக்கில் வெட்டி, ஓரத்தை மடக்கி, மணல் நிரப்பிய தகரத் தட்டுகளை வீட்டுக்குள்ளேயே வைத்துக் கிழவி அவற்றைப் பழக்கியிருந்தாள். எங்களுக்குக் கக்கூஸ் முற்றத்துக் கோடியில். மழையில் குடை பிடித்துக்கொண்டு போகவேண்டும். பூனைகளுக்கோ அறைக்குள்ளேயே. சீமைப் பழக்கம் என்றால் அதுதான் போலிருக்கிறது.

கர்ப்பிணிகள் பூனை மலத்தைத் தொடக்கூடாது, குழந்தைக்கு ஆபத்து என்று இப்போது டாக்டர்கள் சொல்கிறார்கள். அப்போது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் வேறு யார் அள்ளுவது?

எங்கள் ஊர் குடியாத்தம் பக்கம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் வழக்கத்தில் எழுதாத சட்டம். ஏழாம் மாதம் வளையல் அடுக்கி, சோறு கட்டி, பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். என் வயதுப் பெண்கள் எல்லோரும் அப்படிப் போய், கன்னம் உப்பி, கையில் பிள்ளையோடு திரும்பி வந்தவர்கள்தான். நானும் ஐந்தாம் மாதத்திலிருந்தே மனசுக்குள் டிரங்குப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தேன். போனால் பூனை வாசனையிலிருந்தும் விடுதலை. அம்மா கையால் ஒருவாய் மிளகு ரசம் குடித்தால் போதும் என்றிருந்தது.

ஏழாம் மாதம் அண்ணன் மட்டும் வந்தான். கையில் வளையல் கூடை, ஐந்து வகைச் சோறு கட்டிய தூக்கு. அம்மா வரவில்லை. விஷயம் இதுதான். அண்ணியும் அப்போது முழுகாமல் இருந்தாள். எனக்கு ஒன்றரை மாதம் முன்னதாகவே உண்டானவள். அவளுக்குத் தாய் இல்லை, அதனால் பிரசவம் எங்கள் வீட்டில்தான் என்று ஏற்பாடு. அண்ணன் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் நின்றுகொண்டு சொன்னான்.

“ஒரே கூரையில ரெண்டு புள்ளத்தாச்சி இருக்கக் கூடாதாம். யாராவது ஒருத்திக்கு ஆவாதாம். அம்மா சொல்லுச்சு.”

எனக்கும் அந்த ஐதீகம் தெரியும். எங்கள் பக்கத்தில் ஓரகத்திகள் இருவரும் ஒரே சமயத்தில் உண்டானால் ஒருத்தியைக் கட்டாயம் வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அண்ணிக்குப் போக வேறு இடமில்லை, எனக்குப் புருஷன் வீடு இருக்கிறது. நியாயம்தானே? அண்ணி ஒரு பிள்ளை பெற்றுத் தீட்டுக் கழிந்ததும் அம்மாவே இங்கு வந்து என் பிரசவம் பார்ப்பாள் என்று சொல்லிவிட்டு, சாயங்கால வண்டிக்கே அண்ணன் கிளம்பிப்போனான். அடுத்த வீட்டுக் கோழிக்காரம்மாவைக் கூப்பிட்டு வளையல் போட்டுக்கொண்டேன். அவள் வாழ்த்திவிட்டுத் தயிர்ச்சோற்றை வாங்கிக்கொண்டு போனதும் வீடு சத்தமில்லாமல் ஆகிவிட்டது. கையை ஆட்டினால் வளையல் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்குச் செவலைப் பூனை வந்து கூடைக்குள் உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கு அழுதேன். யார் மேலும் கோபமில்லாமல், கூரை மேல் மட்டும் கோபப்பட்டுக்கொண்டு அழுதேன்.

மழை பிடித்துக்கொண்டது. மணல் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் ஈரம். ஈர மணலில் பூனைகள் காலே வைக்காது. வெந்நீர் அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தட்டில் போட்டேன். சாம்பலில் போய்விட்டு, அதே காலோடு சிவப்புத் தரை முழுக்க ஊர்கோலம் போயின. குனிந்து துடைக்க வயிறு இடித்தது. உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து துடைத்தேன். வீடெல்லாம் துடைத்துவிட்டு நிமிர்ந்தால் பின்னாலேயே புதுக் கோலம் இருக்கும்.

அப்புறம் நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். எங்கள் வீட்டில் சுத்தம் என்றால் பினாயில். பிள்ளை பிறக்கப்போகிற வீடு ஆஸ்பத்திரி மாதிரி மணக்கவேண்டும் என்று நினைத்து, தட்டுகளைப் பினாயில் ஊற்றித் தேய்த்துக் கழுவினேன். பூனைகள் வரிசையாக வந்து மோந்து பார்த்தன. கிழட்டுக் கடுவன் ஒரு தும்மல் போட்டான். நேராகப் போய்க் கரிக்கூடையில் உட்கார்ந்தான். கரிக்கூடை இருந்த இடத்தைப் பினாயிலால் கழுவினேன், அவை கட்டிலடிக்குப் போயின. கட்டிலடியைக் கழுவினேன், அரிசி டின் பக்கம் வந்தன. பினாயில் பாட்டிலோடு நான் பின்னாலும் அவை முன்னாலும் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தோம். பூனையைக் கொஞ்சினால் மூஞ்சியில் ஏறும் என்பது சரி, பூனையோடு மல்லுக்கு நின்றால் அரிசியில் ஏறும். அந்தப் பாட்டில் தீர்ந்தபோது கணவர் ஊரில் இல்லை, கடைக்கு நடக்க எனக்குக் கால் வீக்கம். வெறும் தண்ணீரில் தட்டைக் கழுவி, எப்போதோ வந்த வெயிலில் காயவைத்து, சாம்பலைப் போட்டேன். மறுநாள் மூன்று பூனைகள் ஒன்றுமே நடக்காததுபோல் தட்டுக்குத் திரும்பிவிட்டன. பினாயில்தான் வில்லன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இதைச் சொல்லிச் சிரிக்கக்கூட வீட்டில் ஆளில்லை. கிழட்டுக் கடுவனிடம்தான் சொன்னேன்.

மூன்றுதான் திரும்பின. அக்கா தங்கையில் தங்கை திரும்பவில்லை. அது தேர்ந்தெடுத்த இடம் பிள்ளைத் துணி.

பச்சைப் பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, துவைத்துத் துவைத்து நைந்த வேட்டிதான் வேண்டும். எங்கள் வீட்டு ஆம்பிளைக்கு உத்தியோகமே வெள்ளைக் கால்சட்டையில். வேட்டி இரண்டே இரண்டுதான். கோழிக்காரம்மாவிடமும் தெருவில் மற்றவர்களிடமும் வெட்கத்தை விட்டுக் கேட்டு வாங்கி, கிழித்து, ஓரம் தைத்து, மடித்துக் கூடையில் வைத்திருந்தேன். அதன்மேல்தான் ஈரம். ஒருநாள் இல்லை, தினமும். துவைத்து அடுக்குவேன், உயரே வைப்பேன், அங்கேயும் ஏறும். கடைசியில் கையும் களவுமாகப் பிடித்து, அடிக்கக் கையை ஓங்கினேன். அது ஓடவில்லை. ஓடமுடியாமல், வயிற்றைத் தரையில் உரசிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. 

அன்றைக்கு முட்டை கொடுக்க வந்த கோழிக்காரம்மா வாசலில் நின்றபடியே பார்த்துவிட்டாள்.

“இன்னாம்மா, உன் பூனையும் முழுவாம கீது? ஒரு வூட்டுல ரெண்டு வவுத்துக்காரி ஆவாது. ஊட்டுக்காரர் வந்தா கோணியில போட்டு ஏரிக்கு அந்தாண்ட வுட்டுட்டு வரச் சொல்லு.”

நல்லதுக்குத்தான் சொன்னாள். கணவர் வந்ததும் சொன்னேன். பூனைக்கும் பஞ்சாங்கம் உண்டா என்று சிரித்துவிட்டு, சாப்பிட்டு, தூங்கி, அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். சிரிப்பு அவருக்கு, பயம் எனக்கு. ஐதீகத்தில் நம்பிக்கை இல்லாதவளாக நான் இருந்திருந்தால் அன்றைக்கு அம்மா வீட்டுக்கு அழைத்துப்போகாததற்குச் சண்டை போட்டிருப்பேனே. நம்பினதால்தானே வாயை மூடிக்கொண்டு பெங்களூரில் கிடந்தேன்.

இதற்குள் அண்ணிக்கு ஆண்குழந்தை பிறந்த செய்தி வந்தது. தீட்டுக் கழிந்து அம்மா வருவதாகவும் ஊர்க்காரர் ஒருவர் மூலம் சொல்லியனுப்பினார்கள். சந்தோஷம் பாதி, கிலி பாதி. பிறந்ததிலிருந்து பூனை என்றால் அம்மாவுக்கு ஆகாது. ஐதீகத்தில் அவளை அசைக்க முடியாது. வயிற்றுப் பூனையைப் பார்த்தால் அந்த நிமிஷமே திரும்பிப் போவாள். அவள் போனால் என்னுடைய பிரசவத்துக்கு நானும் ஆஸ்பத்திரிச் சுவருமாகத்தான் இருக்கவேண்டும். பூனையை அனுப்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். ஒரு கோணிப்பைதான் வேண்டும், அதுவும் வீட்டில் இருந்தது. இரண்டு தடவை அதைக் கையில் எடுத்தேன். ஒரு தடவை பூனையைத் தூக்கக்கூடத் தூக்கினேன். மடியில் வைத்தபோது அதன் வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. அதே நேரம் என் வயிற்றுக்குள்ளும் புரண்டது. கோணியில் கரியைக் கொட்டி மூலையில் வைத்துவிட்டேன்.

தங்கைப் பூனைக்குக் கட்டிலடியில் ஒரு மரப்பெட்டி வைத்து, கறை போகாத துணிகளை அதில் போட்டேன். பக்கத்தில் தனியாக ஒரு தட்டும் வைத்தேன். அன்றோடு என் பிள்ளைத் துணியை அது தொடவில்லை. ஒதுங்க ஒரு இடம் வேண்டியிருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அம்மா வந்த அன்று வீட்டில் வாசனையே இல்லை என்று நான் சத்தியம் செய்வேன். ஆனாலும் வாசலிலேயே முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். அண்ணன் அவளை விட்டுவிட்டு அடுத்த வண்டிக்கே போனான். அம்மா என் முகத்தைத் தடவினாள், காலில் வீக்கத்தை அமுக்கிப் பார்த்தாள், மூன்று பூனைகளைப் பார்த்து ‘இது என்ன குடித்தனம்’ என்றாள். அடுப்படிக்குப் போய் ரசம் வைத்தாள். நான்காவது பூனையை அடைத்து வைத்திருந்தேன். ரசம் கொதித்த வாசனைக்கோ என்னவோ, கதவை நெம்பிக்கொண்டு அது மெல்ல அசைந்து வந்து அம்மா எதிரில் நின்றது.

ஆறு பெற்றவள் அம்மா. அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள். இது இருக்கிற வீட்டில் உனக்குப் பிரசவம் பார்க்கமாட்டேன், இப்பவே இதை அனுப்பு என்றாள். எங்கே அனுப்புவது என்றேன். எங்கேயாவது என்றாள்.

“அதுக்கு அம்மா வூடு கப்பலேறிப் போயிட்டுது” என்றேன். “எனக்கும் போவ இடமில்லாமத்தான இங்க கெடக்கறேன். நானும் அதுவும் ஒண்ணுதான். அது போனா நானும் போறேன்.”

அம்மா ரசத்தை இறக்கினாள். எனக்குச் சோறு போட்டாள். அவள் சாப்பிடவில்லை. காலையில் மூட்டையைக் கட்டிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டே படுத்தேன்.

காலையில் பார்த்தால் அம்மா முற்றத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து நிற்கிறாள். வீட்டு ஓட்டைப் பார்க்கிறாள், திரும்பிக் குளியலறை ஓட்டைப் பார்க்கிறாள். என்னைக் கண்டதும் முகம் தெளிந்து, பெரிய வழக்கை ஜெயித்தவள்போலச் சொன்னாள்.

“இங்க பாரு. பாத்ரூமுக்குத் தனி ஓடு, தனிக் கதவு. நடுவுல வானம் தெரியுது. ஒரே கூரைன்னு ஆவாது. பூனைய அங்க வெச்சுட்டா தோஷமில்ல.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. அம்மாவே மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வெந்நீர் அடுப்புப் பக்கம் கதகதப்பான மூலையில் வைத்தாள். தட்டையும் கொண்டுபோய் வைத்தாள். பூனையை மட்டும் நான் தூக்கினேன். அது பெட்டிக்குள் ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எதுக்கும் ஒரு வழி இருக்குது என்றாள்.

எதற்கும் ஒரு வழி இருக்கிறது. குளியலறை வாசலில் நின்று அதை மனசுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். குடியாத்தத்து வீட்டில் கிணற்றுக்கு அந்தப் பக்கம் விறகு போடும் அறை ஒன்று உண்டு. அப்பா உயிரோடு இருந்தபோது கட்டியது. தனி ஓடு, தனிக் கதவு, நடுவில் வானம். ஒரு ஜன்னல்கூட உண்டு. சின்ன வயதில் அம்மை போட்டபோது என்னை அங்கேதான் படுக்க வைத்திருந்தார்கள்.

“அப்ப நம்ம விறகு ரூமு?” என்றேன்.

அம்மாவின் முகத்தில் வெற்றி இருந்த இடத்தில் ஒன்றுமில்லாமல் போனது. எனக்குப் பதில் வேண்டாம் என்றிருந்தது. கேட்டுவிட்டேனே என்றும் இருந்தது. அம்மா துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தாள்.

“நான் அதான் சொன்னேன். காலி பண்ணிக் குடுக்கறேன்னு சொன்னேன். உங்க அண்ணி ஒத்துக்கல. ரெண்டு பேருக்கு யாரு செய்யறதுன்னுட்டா. உங்கண்ணன் வாயத் தொறக்கல.”

அப்படியானால் ஐதீகம்? அது பெங்களூருக்கு வரும் வழியில் அண்ணனாக யோசித்துக் கொண்டுவந்த சாக்கு என்றாள். மறுத்துச் சொல்ல அவளுக்கு அங்கே வாயில்லை. அத்தனை மாதமும் நான் கோபித்துக்கொண்டிருந்தது ஒரு ஓட்டுக் கூரையை. அதன்மேல் கோபப்படுவது எவ்வளவு சுலபமாக இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. கூரை போய், அந்த இடத்தில் என் அண்ணன் செருப்பைக் கழற்றாமல் நின்றான். அம்மா பக்கத்தில் இருக்கும்போதே, அவள் வராமல் இருந்த நாட்களைவிட நான் தனியாக இருந்தேன்.

குளியலறைக்குள் பூனை தட்டில் சாம்பலைப் பறித்து மூடுகிற சத்தம் கேட்டது. அம்மா அந்தச் சத்தம் வந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“புள்ள பொறந்தப்பறமும் நான் இங்கியே இருந்துக்கட்டா? அங்க போயி…” என்று நிறுத்தினாள். “நான் சும்மா இருக்கமாட்டேன். பூனைக்குத் தட்டு நான் மாத்தறேன்.”

பூனையைக் கண்டால் மூக்கை மூடிக்கொள்கிற என் அம்மா, பூனைத் தட்டை அள்ளுவதாகச் சொல்லி என்னிடம் இடம் கேட்டாள்.